ஏழுதான் வந்திருக்கு, மேடம்

"மேடம், ஏழுதான் வந்திருக்கு."

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி. என் மேசையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஓர் ஆய்வேடு, அதன்மேல் ஒப்புமை ஏழு சதவீதம் என்று காட்டும், கலரில் பிரின்ட் எடுத்த பிளேஜரிசம் (கருத்துத்திருட்டு) ரிப்போர்ட், அதற்கும் மேலே அரைக் கிலோ மைசூர்பாக். கொண்டுவந்தவர் ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வந்துபோகும் உதவிப் பேராசிரியர். வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்கிறவர். எலெக்ட்ரானிக் சிட்டி டிராஃபிக்கில் பாதி ஆயுளைத் தொலைத்த களைப்பு முகத்தில் தெரிந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டுக் கொடுத்தால் திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுவார்.

நான் இங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நூலகர். புத்தகம் அடுக்குகிற வேலைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2018-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கல்வி நேர்மை, கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்த பிறகு, ஆய்வேடுகளை மென்பொருளில் ஓட்டிச் சான்றிதழ் தரும் வேலை பல இடங்களில் நூலகத்தின் தலையில்தான் விழுந்தது. ஆக, ஆய்வாளர்களைப் பொறுத்தவரை நான் அத்திப்பள்ளி டோல்கேட். எப்படியாவது என்னைத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஏழு, எட்டு, ஒன்பதே முக்கால் கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையோடு பொறுமையும் போய்விட்டது.

மென்பொருள் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆய்வேட்டின் வாக்கியங்களைத் தன்னிடம் இருக்கும் கட்டுரைகளோடும் இணையப் பக்கங்களோடும் பழைய ஆய்வேடுகளோடும் ஒப்பிட்டு, எங்கெல்லாம் சொற்கள் வரிசையாக ஒத்துப்போகின்றன என்று எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையைச் சதவீதமாகக் காட்டுகிறது. முடிந்தது. அது பொருத்தம் பார்க்கிறது, குணம் பார்ப்பதில்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்பதற்காக மாப்பிள்ளை குடிக்க மாட்டார் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

போன வருஷம் வேதியியல் மாணவி ஒருத்தி 31 சதவீத ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டே வந்தாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டைத் திறந்தேன். பாதி அவளே வெளியிட்ட இரண்டு கட்டுரைகள். மேற்கோள் பட்டியலை விலக்காமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். மீதி, வேதிப்பொருள்களின் பெயர்களும் கருவியின் விவரமும். ஸ்பெக்ட்ரோமீட்டரை எத்தனை விதமாகத்தான் வர்ணிப்பது? தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனால் விட்டுவிடலாம் என்று விதியே சொல்கிறது. விலக்க வேண்டியதையெல்லாம் விலக்கியதும் ஆறுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளை இரண்டு வாரம் தூங்கவிடாமல் செய்தது அவளுடைய கைடு.

அதே மாதம் இன்னொரு ஆய்வேடு, வெறும் நாலு சதவீதம். அதன் நான்காம் இயல் முழுக்க, கன்னடத்தில் யாரோ எழுதிய எம்.ஃபில். ஆய்வேட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மென்பொருளுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. கன்னடம் படிக்கத் தெரிந்த என் உதவியாளருக்குத் தெரிந்தது.

தமிழ் ஆய்வேடுகளின் கதை தனி. "ரெண்டு பர்சென்ட்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய ஆய்வேடுகள் மென்பொருளின் கண்ணுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கோவைதான். ஒப்பிடவே முடியாததோடு ஒப்பிட்டால் ஒற்றுமை எங்கிருந்து வரும்?

பத்து சதவீத எல்லைக்கு வருகிறேன். பத்து வரை தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை, ஓராண்டு காத்திருக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. இந்தப் படிக்கட்டை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அதே விதிமுறை கருத்துத்திருட்டுக்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறது என்று கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது. பிறருடைய உழைப்பையோ எண்ணத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வது என்கிறது. எண்ணத்துக்கு ஏது சதவீதம்? 'பத்து வரை தண்டனை இல்லை' என்ற வரியை 'பத்து வரை எடுத்துக்கொள்ளலாம்' என்று படித்துவிட்டு வருகிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்தால் சிக்னலில் நிற்க வேண்டாம் என்று நினைக்கிற ஊர்தானே இது.

சரி, ஓசூர்க்காரரின் ஏழு சதவீதத்துக்கு வருவோம்.

தலைப்பு, இயந்திரக் கற்றல் மூலம் சிறுநீரக நோயை முன்கூட்டியே கணிப்பது. கையெழுத்துப் போடும் முன் சும்மா புரட்டினேன். இரண்டாம் இயலில் ஓரிடத்தில் 'கிட்னி டிஸப்பாயின்ட்மென்ட்' என்று இருந்தது. கிட்னி ஃபெயிலியர் தெரியும். ஏமாற்றமடைந்த கிட்னியை அன்றுதான் பார்த்தேன். அடுத்த பக்கத்திலும் அது ஏமாந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தது.

இது எங்கள் தொழிலில் பழகிய ஒன்று. அடுத்தவர் பத்தியை எடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுக்கும் கருவியில் போட்டால் ஒப்புமை குறையும். கலைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக் கணினி விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2021-ல் இப்படிப்பட்ட சொற்களைத் தேடித் தொகுத்தார்கள். பிரெஸ்ட் கேன்சர் 'புஸம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகியிருந்தது, ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகியிருந்தது. சித்திரவதைக்குள்ளான சொற்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான், படிக்கிறவர்களுக்கும் அதே சித்திரவதை.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு மாதங்களாக ஆய்வாளரே 400 பேரிடம் திரட்டிய தரவு என்று போட்டிருந்தது. 250 பேருக்கு நோய் உண்டு, 150 பேருக்கு இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம்: குறைந்தபட்சம் 2.5, அதிகபட்சம் 47.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் என் நாத்தனார் சிவாஜி நகரில் லேப் டெக்னீஷியன். யார், எந்த ஆய்வேடு என்று எதுவும் சொல்லாமல் எண்ணை மட்டும் போனில் கேட்டேன்.

"எவ்வளவு? நாற்பத்தேழா? நாலு புள்ளி ஏழா இருக்கும், நல்லாப் பாருங்க அண்ணி. ஆறு வந்தாலே நாங்க டாக்டருக்கு போன் போட்டுடுவோம். நாற்பத்தேழுன்னா அந்த ஆளை டயாலிசிஸுக்கு இல்ல, நேரா கல்பள்ளி சுடுகாட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்."

அன்றிரவு முருகேஷ்பாளையா வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்க, தேடிப் பார்த்தேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் நடத்தும் தரவுக் களஞ்சியத்தில் 2015 முதல் பொதுவில் இருக்கிற தரவு அது. 400 பேர், 250-க்கு 150. பொட்டாசியத்தில் அதே 47. சோடியத்தில் 4.5 என்று இன்னொரு நடக்காத எண்ணும் உண்டு. யாரோ புள்ளி வைக்க மறந்த, இடம் மாற்றி வைத்த எண்களாகத்தான் இருக்க வேண்டும். தரவு திரட்டப்பட்ட ஊர் எது தெரியுமா? காரைக்குடி. அங்குள்ள ஒரு மருத்துவமனையில், சுமார் இரண்டு மாதங்களில். அந்தக் காரைக்குடி நோயாளிகளைத்தான் இவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பெங்களூருக்குக் கூட்டிவந்து பதினெட்டு மாதம் வைத்திருந்தார், பிழையோடு சேர்த்து.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் தெரியுமா? அந்தத் தரவு இலவசம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். அதை வைத்து எத்தனையோ பேர் நேர்மையாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இவரும் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் குற்றமே இல்லை. அன்னதானத்தில் போய் இலையைத் திருடிக்கொண்டு வந்த கதை.

திங்கட்கிழமை கைடிடம் சொன்னேன். "ரிப்போர்ட்ல ஏழு இருக்கில்ல மேடம்? உங்க வேலை அதோட முடிஞ்சது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மாணவர் பாவம், மாட்டிக்கொண்டார். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி எட்டு மாதமாக வரவில்லை, பதவி உயர்வுக்கான கெடு நெருங்கிவிட்டது, ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி மூன்று இயல்களை வாங்கியிருக்கிறார். அங்கே யாரோ செய்ததை இவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்துப் பார்த்திருந்தால் நாற்பத்தேழு கண்ணில் பட்டிருக்கும். கைடும் படிக்கவில்லை. கடைசியில் நூலகரும் அவருடைய நாத்தனாரும்தான் அந்த ஆய்வேட்டைப் படித்தோம்.

'யாருக்குத் தெரியப்போகிறது' என்ற நினைப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பட்டம் கிடைத்ததும் உங்கள் ஆய்வேடு சோத்கங்காவில், அதாவது இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில், ஏறும். அதற்கப்புறம் உலகத்தில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஜெர்மனியில் கல்வி அமைச்சராக இருந்த அனெட்டே ஷவான் 1980-ல் வாங்கிய முனைவர் பட்டத்தை 2013-ல் பறித்தார்கள், பதவியும் போனது. முப்பத்து மூன்று வருஷம் கழித்து! ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 2023-ல் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் எழுத்தாளர் இடத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. இப்போது கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். ஆகவே நிர்வாகமும் விழித்துக்கொண்டுவிட்டது. நேர்மையின் மேல் திடீர்க் காதல் என்று நினைக்க வேண்டாம், ரேங்க் போய்விடுமே என்ற பயம்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒப்புமையைக் குறைத்துத் தருகிறோம் என்று போர்டு மாட்டியிருக்கும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகாதீர்கள். உங்கள் ஆய்வேட்டின் ஒரு நகல் அங்கேயே தங்கிவிடும், அடுத்த வருஷம் வேறொருவர் பெயரில் வரும். வெள்ளை நிறத்தில் எழுத்தை ஒளித்துவைப்பது, பத்தியைப் படமாக ஒட்டுவது, ஆங்கில 'ஏ'-க்குப் பதில் அதே மாதிரி இருக்கும் ரஷ்ய எழுத்தைப் போடுவது, இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். மென்பொருளுக்கும் இப்போது தெரியும். ஏஐ-யிடம் எழுதி வாங்கினால் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரு மாணவர் கேட்ட கட்டுரைக்காக நான் மூன்று நாள் நான்கு நூலகங்களுக்கு எழுதினேன். ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, ஆண்டு உண்மை. கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை.

கச்சாத் தரவைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். லேப் நோட்டில் அடித்ததை அடித்தபடியே விடுங்கள், ஒயிட்னர் வேண்டாம். தரவு உங்களுடையது இல்லையென்றால் யாருடையது என்று எழுதுங்கள். துறைத்தலைவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கச் சொன்னால், அவர் எந்தப் பகுதியைச் செய்தார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்பது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். தனியாகக் கேட்க முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

கைடுகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படியுங்கள். முன்னுரையும் முடிவுரையும் போதாது, அட்டவணைகளையும் படியுங்கள்.

ஓசூர்க்காரர் ஆய்வேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். துறையின் நேர்மைக் குழு என்ன செய்யும் என்பது அவர்கள் கையில். போன வாரம் வந்து, பொதுத்தரவை எப்படி மேற்கோள் காட்டுவது என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். நான்கு நிமிஷம் ஆனது. மூன்றாம் இயலை முதலிலிருந்து தானே எழுதப்போவதாகச் சொன்னார். அந்த 47-ஐ என்ன செய்வது என்றும் கேட்டார். அதுதான் அவர் கேட்ட முதல் ஆய்வுக் கேள்வி என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

இந்த மாதக் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டியவர்கள் கடைசி நாள் நாலரை மணிக்கு வந்து நிற்காதீர்கள். ரிப்போர்ட்டோடு தரவுக் கோப்பையும் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். மைசூர்பாக் வேண்டாம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது.