ஆஸ்பெக்ட் ரேஷியோ: அகல உயரத் தகவு

பழைய கல்யாண டிவிடியை எம்பி4 ஆக்கி, பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகினால், மணமக்கள் பருத்துத் தெரிகிறார்கள். அல்லது நாலு பக்கமும் கறுப்புக்கு நடுவே சிறுத்து நிற்கிறார்கள். இரண்டும் ஆஸ்பெக்ட் ரேஷியோ கோளாறுதான்.

லத்தீனில் ‘ஆஸ்பெக்டஸ்’ என்றால் பார்வை, தோற்றம். ‘ராட்டியோ’ என்றால் கணக்கு. இதை அப்படியே பெயர்த்து ‘தோற்ற விகிதம்’ என்கிறார்கள். எதற்கும் எதற்கும் விகிதம் என்று அந்தச் சொல் காட்டவில்லை. ‘அகல உயரத் தகவு’ என்றால், 4:3 என்பதில் முதல் எண் அகலம், அடுத்தது உயரம் என்பது பெயரிலேயே விளங்கிவிடும். ‘தகு’ என்ற வேரில் பிறந்த ‘தகவு’ பொருத்தத்தையும் குறிக்கும் என்பது இங்கே கூடுதல் அழகு.

பழைய பெட்டி டிவி 4:3. 1953இல் ஹாலிவுட்டில் வந்த சினிமாஸ்கோப், தமிழுக்கு 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு வந்தது. கோடம்பாக்கத்தில் ‘ஸ்கோப்’ என்றால் ஏறத்தாழ 2.35:1. இன்றைய டிவியின் 16:9 இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது பிழையே அல்ல.

நம் ஊர் டிவிடியில் 4:3 படமானாலும் 16:9 ஆனாலும் ஃபிரேம் 720×576 புள்ளிகள்தான். அதை 768×576 ஆக விரிப்பதா, 1024×576 ஆக விரிப்பதா என்று வட்டிலுள்ள ஒரு குறிப்பு பிளேயருக்குச் சொல்கிறது. மாற்றும்போது அது தொலைந்தால் 16:9 படத்தில் முகங்கள் ஒல்லியாகிவிடும். 4:3 படத்தை டிவி இழுத்து நிரப்பினால் பருத்துவிடும். சில டிவிகள் எம்பி4இல் இந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. எனவே வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில், விரிப்பதைப் பிளேயரிடமே விடும் அனமார்ஃபிக்கை அணைத்து, அப்ஸ்கேலிங்கை (படத்தைப் பெரிதாக்குவதை) அனுமதித்து, 4:3க்கு 768×576, 16:9க்கு 1024×576 என்று நீங்களே இடுவது உத்தமம். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் வாங்கிக்கொள்ளலாம்.

நாலு பக்கக் கறுப்பு வேறு கதை. ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேல், கீழ்ப் பட்டையோடு சேர்த்தே பதிந்திருப்பார்கள்; அந்தச் சட்டத்துக்கு 16:9 டிவி பக்கவாட்டிலும் கறுப்பைச் சேர்க்கும். 768 அகலத்துக்குப் படம் ஏறத்தாழ 328 வரிதான். மேலே 124, கீழே 124 வரி வெட்டி, 768×328 ஆக்கினால் டிவியின் அகலம் நிறையும். வசனவரி கீழ்ப்பட்டையில் பதிந்திருந்தால் அதுவும் போய்விடும், கவனம். உயரமும் நிறைய வேண்டுமென்றால் பக்கவாட்டில் கால் பங்கு படத்தை இழக்க வேண்டும். அதைச் செய்யாதீர்கள்; ஓரத்தில் நிற்கும் ஆளே காணாமல் போவார்.

அசைவில் சீப்புப் பல் போல் கோடு தெரிந்தால் ஹேண்ட்பிரேக்கில் அதைப் போக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போடுங்கள்.

முதலில் இரண்டு நிமிடம் மட்டும் மாற்றுங்கள். மண்டபத்தின் வட்டமான சுவர்க் கடிகாரம் நேராகத் தெரியும் இடத்தில் டிவியை நிறுத்தி, ஸ்கேலால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முழு வட்டையும் மாற்றலாம்.