பள்ளிப் பிள்ளையின் உயரமும் எடையும்: பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியவை

அங்கன்வாடியில் இருக்கும்வரை பிள்ளைக்கு மாதாமாதம் எடை பார்ப்பார்கள். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். எடை இறங்கினால் அங்கன்வாடி டீச்சர் வீடு தேடி வந்து விசாரிப்பார். ஒன்றாம் வகுப்பில் சேர்த்ததும் அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. அதற்கப்புறம் பிள்ளை வளர்கிறதா இல்லையா என்பதைப் போன வருஷத்து யூனிஃபார்ம் பத்துகிறதா என்பதை வைத்துத்தான் பெரும்பாலான வீடுகளில் முடிவு செய்கிறோம்.

ஆனால் அரசின் பொறுப்பு அங்கன்வாடியோடு முடியவில்லை. 18 வயது வரை பிள்ளைகளின் உயரம், எடை, இரத்தசோகை, பார்வை, பல் எல்லாவற்றையும் பார்த்து, குறை இருந்தால் இலவசமாகச் சிகிச்சை தர ஒரு திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் அது. பள்ளிகளில் ‘ஆர்.பி.எஸ்.கே. டீம்’ என்றால்தான் புரியும். மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு ஒன்றியத்துக்குள் பள்ளி பள்ளியாகப் போகும். அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்பது விதி. மேலூர், கொட்டாம்பட்டி, சேடபட்டி, கள்ளிக்குடி என்று மதுரை மாவட்டத்தில் எந்த ஒன்றியத்தில் இருந்தாலும் இது பொருந்தும். மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், உசிலம்பட்டிப் பக்கம் நிறைய இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் உண்டு.

வருஷத்துக்கு ஒரு முறை என்பது வளரும் வயதுக்குப் போதாது என்பதே என் எண்ணம். இரண்டு வயதுக்குப் பிறகு உடம்பு மறுபடி வேகமெடுத்து வளர்வது இந்தப் பள்ளி வயதில்தான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 10, 11 வயதில் அந்த வேகம் தொடங்கும். பையன்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் தள்ளி வரும். அதற்கு முன்பு வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளை, வேகம் உச்சத்தில் இருக்கும் வருஷத்தில் 8, 9 சென்டிமீட்டர்கூட வளரும். அந்த நேரத்தில் சாப்பாடு குறைந்தால் இழந்த உயரத்தைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். பெண் பிள்ளை வயதுக்கு வந்த பிறகு உயரம் கூடுவது சில சென்டிமீட்டர்தான். அதனால் அவளுக்கு முக்கியமான காலம் சடங்குக்கு முந்தைய இரண்டு மூன்று வருஷம். நம் பக்கத்தில் சடங்கானதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று ஆசையாகக் கொடுக்கிறோம். அது நல்ல வழக்கம். அதே கவனிப்பு ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு படிக்கும்போதே கிடைக்க வேண்டும். சடங்கு முடிந்த பிறகும் தொடர வேண்டும், ஏனென்றால் மாதாமாதம் இரத்தம் போகத் தொடங்கியதும் இரும்புச்சத்துத் தேவை இன்னும் கூடுகிறது.

2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 24 சதவீதம் பேர் வயதுக்கு மிகவும் மெலிந்திருந்தார்கள். 5 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். இரத்தசோகை பையன்களில் 18 சதவீதம், பெண்களில் 40 சதவீதம். நான்கில் ஒரு பிள்ளை மெலிந்திருக்கும் வகுப்பில் மெலிவு யார் கண்ணுக்கும் தனியாகத் தெரிவதில்லை. “நம்ம குடும்பத்துல எல்லாருமே ஒல்லிதான்” என்ற சமாதானம் அங்கேதான் பிறக்கிறது.

அளவெடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எண் தப்பாகிவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தப்பாகிவிடும். உயரம் பார்க்கும்போது செருப்பு, ஷூ கழற்றியிருக்க வேண்டும். குதிகால், பின்பக்கம், தோள் மூன்றும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். ரெட்டைச் சடையை மடித்துக் கட்டி உச்சியில் ரிப்பனும் பூவுமாக இருந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடவே காட்டும். அன்றைக்குக் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எடை மெஷின் கட்டாந்தரையில் இருக்க வேண்டும், ஏறுவதற்கு முன் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இன்னொன்று: வகுப்பே கேட்கும்படி எடையைச் சத்தமாகப் படிக்கக் கூடாது. ‘குண்டு’ என்றோ ‘குச்சி’ என்றோ ஒரு தடவை பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அடுத்த முறை மெஷின் வருகிற அன்று அந்தப் பிள்ளை லீவு போட்டுவிடும். ஆசிரியர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, எண் கையில் வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண், கிடைக்கும். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்பார்கள். அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதும் ஆணா பெண்ணா என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரைக்கும் 2007-இல் வெளியிட்ட அட்டவணை அதற்காகத்தான். உதாரணமாக 13 வயதுப் பெண், உயரம் 148 சென்டிமீட்டர், எடை 37 கிலோ. பி.எம்.ஐ. 16.9 வரும். பெரியவர்கள் கணக்கில் அது குறைவு. அவள் வயதுக்கு அது சரியான அளவு, பயப்பட ஒன்றுமில்லை. அதே உயரத்தில் எடை 32 கிலோ என்றால் 14.6 வரும். அந்த வயதுக்கு 14.9-க்குக் கீழே போனால் மெலிவு, ஆகவே அவளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 21.8-ஐத் தாண்டினால் எடை கூடுதல்.

ஒரு வருஷத்து எண்ணைவிட இரண்டு வருஷத்து எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அதிகம் சொல்லும். குள்ளமான பிள்ளை தன் போக்கில் வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். உயரமான பிள்ளையே ஒரு வருஷத்தில் 4 சென்டிமீட்டர்கூட வளராமல் நின்றால், எடை ஏறாமலோ இறங்கியோ இருந்தால், அதை விட்டுவிடக் கூடாது. தைராய்டு, காசநோய், குடல் கோளாறு எனச் சாப்பாட்டைத் தாண்டிய காரணங்களும் இருக்கலாம். அதனால் ஒரு நோட்டில் தேதி, உயரம், எடை மூன்றையும் எழுதி வையுங்கள். குழு வருஷத்துக்கு ஒரு முறை வந்தாலும், நடுவில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பள்ளியிலோ நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காசு எதுவும் கிடையாது.

குறை தெரிந்தால் குழு பரிந்துரைச் சீட்டு தரும். அது பிள்ளையின் பையிலேயே கசங்கிப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. குழு வந்துபோன அன்று சாயங்காலம் பையைத் திறந்து பாருங்கள், சீட்டு இருந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே கொண்டுபோங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம்; தேவைப்பட்டால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகள்; அதற்கும் மேலே என்றால் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. பரிசோதனை முதல் அறுவை சிகிச்சை வரை இந்தத் திட்டத்தில் இலவசம்.

இரத்தசோகையைக் குழுவினர் கண் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை வெளுத்திருக்கிறதா என்று பார்த்துச் சந்தேகப்படுவார்கள். உறுதி செய்வது இரத்தப் பரிசோதனைதான். ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயது வரை 11.5-க்குக் குறையக் கூடாது; 12 முதல் 14 வரை 12; 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. எட்டுக்குக் கீழே என்றால் கடுமையான இரத்தசோகை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசதி, படியேறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் தூங்கி வழிவது, சாக்பீஸ் அல்லது பச்சரிசி தின்பது இவையெல்லாம் அடையாளங்கள். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஒரு தடவை இரத்தம் பார்த்துவிடுங்கள்.

இதைத் தடுக்கத்தான் பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இளஞ்சிவப்பு மாத்திரை, அதில் இரும்புச்சத்து 45 மில்லிகிராம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை நீல மாத்திரை, 60 மில்லிகிராம். இரண்டிலும் ஃபோலிக் அமிலமும் உண்டு. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும், அதில் ஆபத்து எதுவும் இல்லை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், சத்து உடம்பில் சேராமல் தடுத்துவிடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்துவிட்டால் வகுப்பு முழுக்க மாத்திரையை ஜன்னல் வழியாக வீசுவது நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் முன்னிலையிலேயே விழுங்க வைப்பதுதான் ஒரே வழி. தலசீமியா போன்ற இரத்த நோய் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையும் தவறவிட வேண்டாம். அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி தருவார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மதிய உணவு அரசின் கருணையைப் பொறுத்த விஷயம் கிடையாது. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் உரிமை அது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தருகிறோம். 1 முதல் 5 வகுப்புக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம். வாரம் ஐந்து நாள் முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஏதோ காரணத்தால் ஒரு நாள் சமைக்காமல் போனால், அதற்குரிய தானியமும் பணமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்று 2015-இல் வந்த மதிய உணவு விதிகள் சொல்கின்றன. இது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வகுக்கப்பட்ட திட்டம். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு 11 வயது. உடம்பு வேகமெடுத்து வளரத் தொடங்கும் அதே ஜூன் மாதத்தில் காலைச் சாப்பாடு நின்றுபோகிறது. நடுநிலைப் பள்ளி வரைக்குமாவது இதை நீட்டிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரை, பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும் வருஷம் வீட்டில் காலைச் சாப்பாட்டைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். முதல் நாள் சோற்றில் மோர் ஊற்றி, ஒரு முட்டையோ ஒரு கை பொரிகடலையோ வேர்க்கடலையோ சேர்த்தால்கூடப் போதும். டீயும் பன்னும் மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

எடை கூடுதல் என்று சீட்டு வந்தால் பட்டினி போடக் கூடாது. வளரும் பிள்ளைக்கு உயரம் ஏறும்போது விகிதம் தானே சரியாக வாய்ப்பு உண்டு. குளிர்பானத்தையும் ராத்திரி புரோட்டாவையும் குறைத்து, தினம் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டி சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு வராது. அங்கே படிக்கும் பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். படிப்பை நிறுத்திவிட்ட வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை அங்கன்வாடியில் கிடைக்கும்.

குழு இந்த வருஷம் உங்கள் பள்ளிக்கு வந்ததா என்பதைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதைவிட நல்ல இடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். மருத்துவக் குழு வரும் தேதி, எடை மெஷின் வேலை செய்கிறதா, மாத்திரை இருப்பு, சீட்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்ற நான்கையும் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும், உடல்நலச் சந்தேகங்களுக்கு 104 எண்ணுக்கும் போன் செய்யலாம்.