ஷாப்பிங் சென்டர் வந்தால் ஊர் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது?

தஞ்சாவூர் புறநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பைபாஸ் ஓரமாக ஷாப்பிங் சென்டர் வந்தபிறகு எங்கள் தெரு மளிகைக்கடை படுத்துவிட்டது. ஆனால் அந்த சென்டர் வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் பக்கத்து இடத்தையும் வாடகைக்குப் பிடித்துவிட்டார். ஒரே கட்டடம் ஒருத்தரைத் தூக்கி, இன்னொருத்தரை எப்படிக் கவிழ்க்கிறது?"

நல்ல கேள்வி. பதில் நியூட்டனிடமிருந்து தொடங்குகிறது. நிறை கூடினால் ஈர்ப்பு கூடும், தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நாலில் ஒன்றாகும், பள்ளியில் படித்ததுதான். 1931-ல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் இதே கணக்கைக் கடைவீதிக்குப் போட்டுப் பார்த்தார். நிறைக்குப் பதில் ஊரின் மக்கள்தொகை, அவ்வளவுதான். நம் ஊருக்கும் போடலாம். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் சுமார் 2.23 லட்சம், கும்பகோணம் 1.40 லட்சம், இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரண்டு ஊரின் இழுப்பும் சமமாகிற இடம் தஞ்சையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டரில் வருகிறது, அதாவது அய்யம்பேட்டையைத் தாண்டி, பாபநாசத்துக்குக் கொஞ்சம் முன்னால். அதற்குக் கிழக்கே இருப்பவர்கள் ஜவுளி எடுக்கக் கும்பகோணம் பஸ் ஏறுவார்கள் என்கிறது சூத்திரம்.

ஆனால் ரெய்லி கோடு போட்டுப் பிரித்துவிடுகிறார், மனிதர்கள் அப்படி இல்லையே. ஒரே வீட்டில் இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே. 1960-களில் டேவிட் ஹஃப் என்ற இன்னொரு அமெரிக்கர் செய்த திருத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லைக்கோட்டை அழித்துவிட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கடைக்கும் போகிற நிகழ்தகவைக் கணக்கிட்டார். கடையின் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே போய்ச்சேர ஆகும் நேரத்தின் வர்க்கத்தால் வகுங்கள், வருவது அந்தக் கடையின் இழுப்பு. எல்லாக் கடைகளின் இழுப்பையும் கூட்டினால் அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு, அந்தப் பங்குதான் நிகழ்தகவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய கடைத்தெரு மொத்தம் 20,000 சதுர அடி, உங்கள் வீட்டிலிருந்து 8 நிமிடம். புது சென்டர் 80,000 சதுர அடி, 16 நிமிடம். வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே விடை, 312.5. ஆக, ஆளுக்குப் பாதி. இப்போது பைபாஸிலிருந்து ஓர் இணைப்புச் சாலை போட்டு 16 நிமிடம் 8 ஆகிவிட்டது என்று வையுங்கள். சென்டர் ஒரு சதுர அடிகூட வளரவில்லை, பழைய தெருவில் ஒருவரும் சரக்கைக் குறைக்கவில்லை, விலையை ஏற்றவில்லை, ஆனாலும் சென்டரின் பங்கு பாதியிலிருந்து 80 சதவீதத்துக்குத் தாவிவிடுகிறது! தூரம் கிலோமீட்டரில் இல்லை, நிமிடத்தில் இருக்கிறது. நிமிடத்தை மாற்றுவது கடைக்காரர் அல்ல, சாலை போடுகிறவர். வியாபாரம் படுத்தால் கடைக்காரரின் சாமர்த்தியத்தைக் குறை சொல்கிறோம், இந்த வகுத்தலைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று, அந்த வர்க்கம் எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. முகூர்த்தப் புடவைக்கு ஒரு குடும்பமே வேன் பிடித்துப் போகும், கறிவேப்பிலைக்கு யாரும் தெருமுனையைத் தாண்ட மாட்டார்கள். ஹஃப் இதற்காகவே நேரத்தின் அடுக்கை (வர்க்கம் என்றால் இரண்டு) பொருளுக்குப் பொருள் மாற்றினார். மேலே போட்ட முதல் கணக்கில் வர்க்கத்துக்குப் பதில் கனம், அதாவது மூன்றாம் அடுக்கு, போடுங்கள், பழைய தெருவுக்கு மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும். அதனால்தான் காய்கறிக்காரம்மா நிற்கிறார், பாத்திரக்கடை தள்ளாடுகிறது.

சரி, டீக்கடைக்கு வருவோம். சென்டருக்கு வந்தவர் பயணத்தை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். அவருக்கு எதிரில் உள்ள டீக்கடை ஏறக்குறைய சுழி நிமிடத்தில் இருக்கிறது. பஞ்சர் கடை, பூக்கட்டுகிறவர், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் வாசலைச் சுற்றி முளைப்பது இப்படித்தான். வீட்டுக்கும் சென்டருக்கும் நடுவில் இருக்கும் மளிகைக்கடையைத்தான் வண்டிகள் நிற்காமல் கடக்கின்றன. ஆனால் அப்படி நடுவில் இருக்கும் கடைகளிலும் ஒரு வித்தியாசம் உண்டு: சாயங்காலம் வீடு திரும்புகிற பக்கம், இடது கையில் இருக்கும் கடைக்கு ரோட்டைக் கடக்காமலே வண்டியை ஓரம் கட்டலாம். இதை "ராசியான இடம்" என்பார்கள், எதிர்ப்பக்கத்துக்காரர் வாஸ்து பார்த்து வாசலை இடித்து மாற்றுவார். அந்தக் காசை அவர் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதே என் ஆசை. சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணிவரை எத்தனை வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டாலே ராசி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. வண்டி இல்லாதவருக்கு அந்த 8 நிமிடம் 40 நிமிடம். மாதக் கணக்கு எழுதிக் கடன் கொடுத்த மளிகைக்கடை மூடினால் அடி முதலில் விழுவது அவர்கள் மேல்தான்.

அப்புறம், டெல்டாவுக்கே உரிய ஒரு விஷயம். இங்கே சென்டர் கட்டுவது பெரும்பாலும் நஞ்சையில். வயலில் கிராவல் அடித்து ரோட்டு மட்டத்துக்கு மேலே தூக்குகிறார்கள். வரப்பு கட்டிய வயல் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும், கான்கிரீட்டும் தார்த்தளமும் அப்படியே வெளியே தள்ளும். ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 4 லட்சம் லிட்டர். அது பக்கத்துத் தாழ்வான தெருவுக்குள்தான் போகும். இதைவிட மோசம் வாய்க்காலைத் தூர்ப்பது. டெல்டாவில் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் மடை மாறிப் போகிறது. நடுவில் ஒரு மனைப்பிரிவு குறுக்கே உட்கார்ந்தால் அதற்குக் கீழே உள்ள வயல் எல்லாம் ஒரே நாளில் கடைமடை ஆகிவிடும். இரண்டு போகம் காய்ந்தால் தரிசு, தரிசு ஆனால் விற்பனை, அடுத்த வருஷம் அங்கேயும் கல் ஊன்றியிருப்பார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவற்றைத் தடுத்தது, நல்லது. ஆனால் வயலை மெல்ல மெல்ல மனையாக்கும் இந்த இழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

இதையெல்லாம் அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நம் பகுதிக் கல்லூரிப் புவியியல் மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்குப் பஸ் காசும் சாப்பாடும் கொடுத்தால் ஒரு சென்டர் வருவதற்கு முன்னும் பின்னும் கடைகளை, வாடகையை, வாய்க்காலை எண்ணிவிடுவார்கள். இப்படிப்பட்ட சின்ன ஆய்வுக்குப் பணம் ஒதுக்காமல் விடுவது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒன்று. சென்டர் பக்கத்தில் மனை வாங்கும் யோசனை இருந்தால், சர்வே எண்ணை வைத்துத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் புலப்படத்தை, அதாவது அந்த நிலத்தின் அளவை வரைபடத்தை, எடுத்துப் பாருங்கள். அப்புறம் நேரில் போய், படத்தில் வாய்க்கால் இருக்கிற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.