ஏற்காட்டுக்கு லோடு வண்டி: சிஎன்ஜியா, டீசலா?

சின்ன லோடு வண்டி வாங்க நினைப்பவர்களில் பாதிப் பேர் ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். என் பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, கேஸ் எடுக்கலாமா, டீசலே எடுத்துக்கலாமா?" கேஸ் என்றால் சிஎன்ஜி, சிலிண்டரில் அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. கையோடு செல்போனில் ஒரு கணக்கும் போட்டு வைத்திருப்பார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு மிச்சம், மாதத்துக்கு இவ்வளவு, அதில் டியூ கட்டிவிடலாம் என்று.

சேலம் டவுனுக்குள்ளும் ஓமலூர், ராசிபுரம் போன்ற சமதளத்திலும் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. மலைக்குப் போகிற வண்டிக்குச் சரிவராது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது: "லோடு மேலே போகுதா, கீழே வருதா?"

ஏற்காட்டுத் தொழிலில் இரண்டு வகை உண்டு. சிமென்ட், கம்பி, எம்சாண்ட், டைல்ஸ், ஹோட்டல்களுக்கு மளிகை எல்லாம் கீழேயிருந்து மேலே போகின்றன. காபிக்கொட்டை, மிளகு, ஆரஞ்சு, பலா, சில்வர் ஓக் மரம் எல்லாம் மேலேயிருந்து கீழே வருகின்றன. முதல் வகைக்காரர் லோடோடு ஏறி, காலியாக இறங்குகிறார். இரண்டாம் வகைக்காரர் காலியாக ஏறி, லோடோடு இறங்குகிறார். ரோடு ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் வேண்டிய வண்டி ஒன்றல்ல.

ஏற்றத்தை முதலில் பார்ப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அதாவது 1,200 மீட்டருக்குக் குறையாமல் தூக்க வேண்டும். வண்டியும் லோடும் சேர்ந்து 3 டன் என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 10 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்குள் சுமார் 10 யூனிட் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே நல்ல எஞ்சின். ஆக, தூக்குவதற்கு மட்டும் 3 லிட்டர் போய்விடும். ரோட்டில் உருளும் செலவு, வளைவில் நின்று எடுக்கும் செலவு எல்லாம் தனி. ஷோரூமில் சொல்லும் மைலேஜில் இந்த 3 லிட்டர் கிடையாது. குப்பனூர் வழியாகப் போனாலும் ஏறும் உயரம் அதேதான்.

அப்புறம் இழுவை. எத்தனை ஹெச்பி என்று எல்லோரும் கேட்கிறார்கள், டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை) எத்தனை, அது எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) கிடைக்கிறது என்று கேட்பவர் குறைவு. மலைக்கு முக்கியம் இரண்டாவதுதான். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் நடக்கிற வேகத்துக்கு இறங்கும், எஞ்சின் சுற்றும் அதோடு சேர்ந்து இறங்கும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள டீசல் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள்ளேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும், வளைவிலிருந்து அங்கேயே பிடித்து ஏறும். சின்ன சிஎன்ஜி எஞ்சின் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினிலிருந்து வந்தது. கேஸ் உள்ளே போகும்போது காற்றுக்கு உரிய இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்வதால், அதே எஞ்சின் பெட்ரோலில் கொடுப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே கொடுக்கும். அதையும் நன்றாக முறுக்கினால்தான் கொடுக்கும். போதாததற்கு மேலே போகப் போகக் காற்றும் மெலியும். ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. டர்போ இருந்தால் அதை ஈடுகட்டும், டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும்.

இதன் பலனைப் பார்க்க வேண்டுமென்றால் கிளட்சைக் கழற்றிப் பாருங்கள். ஃபுல் லோடோடு மலை ஏறும் சிஎன்ஜி வண்டியில், வளைவில் எஞ்சின் ஆஃப் ஆகிவிடக் கூடாது என்று டிரைவர் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, பிடித்துத் தூக்குவார். பிரஷர் பிளேட் முகத்தில் நீலத் திட்டுகள் விழுந்திருக்கும், கிளட்ச் பிளேட்டின் லைனிங் ரிவெட் தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும், கருகிய வாடை கையிலேயே ஒட்டிக்கொள்ளும். கேஸில் மிச்சம் பிடித்த பணம் கிளட்ச் செட்டாக மாறி என் மேஜைமேல் கிடக்கும். எனக்கு வருமானம்தான், ஆனால் வண்டிக்காரர் முகத்தைப் பார்த்தால் சந்தோஷப்பட முடியாது.

ஆகவே கம்பியும் சிமென்ட்டும் மேலே ஏற்றுகிறவருக்கு என் பதில் டீசல்தான். அதிலும் எடுக்கப்போகும் லோடுக்கு ஒரு படி பெரிய வண்டி.

இறக்கம் வேறு கதை. காலியாக ஏறி, காபி மூட்டையோடு இறங்குகிறவருக்கு இழுவை பெரிய பிரச்சினையே இல்லை. அவருக்கு சிஎன்ஜி தாராளமாகப் போதும். அவர் கவலைப்பட வேண்டியது பிரேக்கைப் பற்றி. டீசல் என்றால் இறக்கத்தில் எஞ்சின் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோல், சிஎன்ஜி எஞ்சின்களில் காற்று வழி அடைபடும். எஞ்சின் வெற்றிடத்தை இழுத்துத் திணறும், அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிக்கிறது. டீசல் எஞ்சினில் குறைவது எரிபொருள்தான், காற்று அந்த அளவுக்கு அடைபடுவதில்லை. அழுத்திய காற்றும் பிஸ்டனைத் திரும்ப உதைத்துவிடும். அதனால்தான் பெரிய லாரிகளுக்கு, புகை போகும் வழியை அடைத்து எஞ்சினைப் பிடிக்கவைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள். சின்ன டீசல் வண்டி பலவற்றில் அது கிடையாது.

எந்த எஞ்சினாக இருந்தாலும், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பற்றி இந்தப் பக்கத்து லாரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நியூட்ரலில் மொத்த எடையும் பிரேக் டிரம் தலையில்தான் விழுகிறது. டிரம் சூடாகி லைனிங் பிடிமானம் போகும், ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும். எஞ்சினையே ஆஃப் செய்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. பெடலை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும். ஆஃப் செய்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அதற்கும் நிற்கத் தெரிந்த வண்டி வேண்டும்.

டீசல் எடுத்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக்கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துத் தள்ள 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். காலையில் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்றி, லீ பஜாரில் இறக்கி, தெருத்தெருவாக நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறவே ஏறாது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுவார்கள். கடைசியில் எஞ்சின் பவரைக் குறைத்துக்கொண்டு நின்றுவிடும். ஃபில்டர் விலை கேட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவார். டவுன் வேலை மட்டும் என்றால் சிஎன்ஜிதான் புத்திசாலித்தனம்.

சிஎன்ஜி எடுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பங்க்கில் 200 பார் பிரஷர் வரை நிரப்பினால்தான் சிலிண்டர் முழுசு. லாரியில் கேஸ் கொண்டுவந்து இறக்கும் பங்க்குகளில், சரக்கு தீரும் நேரத்தில் பிரஷர் அவ்வளவு வராது, பாதியில் நின்றுவிடும். கோரிமேடு தாண்டும் முன் மீட்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இன்னொன்று, கேஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வு சீட் தேயும், வால்வை இயக்கும் டாப்பெட்டின் இடைவெளி இறுகும். சத்தம் வராததால் யாரும் கவனிப்பதில்லை. சர்வீஸில் கேட்டு அளக்கச் சொல்லுங்கள்.

சரி, முடிவு எடுத்துவிட்டீர்கள் என்றால் ட்ரையல் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டெமோ வண்டியைக் காலியாக அஸ்தம்பட்டி வரை ஓட்டிக் காட்டுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. ஆர்சியில் போடப்போகும் அனுமதி எடை அளவுக்கு மூட்டை ஏற்றி, நாலைந்து வளைவாவது ஏறிப் பார்க்கக் கேளுங்கள். அதற்கு மேல் ஏற்றிச் சோதிக்க வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 தனி. ட்ரையல் தர மறுத்தால், அதே மாடல் வைத்திருக்கும் தெரிந்த டிரைவரோடு லோடு போகும் நாளில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வாருங்கள். வளைவில் ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை முழுசாக விட்டுவிட்டு ஏறுகிறாரா, காலை அதிலேயே வைத்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.