கேள்விக்குப் பின் மூன்று விநாடி

"கூட்டத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு 'ஏதாவது சந்தேகம் இருக்கா?' என்று கேட்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பேச்சில் என்ன குறை?" ஒரு குழுத் தலைவரின் கேள்வி இது.

பேச்சை விடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எத்தனை விநாடி வாய்மூடி இருந்தீர்கள்?

விடைக்குப் போகுமுன் ஒரு மூடநம்பிக்கையை ஓரங்கட்டிவிடலாம். தகவல்தொடர்பில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகபாவனைக்கும் உடல்மொழிக்கும் 55 என்று பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்கு ஓதுவார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து கிளம்பியது அது. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலிலும் முகபாவனையிலும் கொடுத்து, பேசுகிறவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள். உணர்ச்சி, மனப்பான்மை பற்றிய பேச்சைத் தாண்டி இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்பாதவர்கள் அடுத்த ஆண்டின் செலவுத் திட்டத்தைக் கையசைவில் விளக்கிப் பார்க்கலாம்.

தலைவருக்குத் தன் விளக்கம் தெளிவாக இருந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990-ல் செய்த சோதனையில், சிலர் பிரபலமான பாட்டுகளை மேசையில் விரலால் தட்டினார்கள். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி முறையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் மெட்டு ஓடுகிறது, எதிராளி காதில் விழுவது வெறும் டொக் டொக். ஆகவே புரிந்ததா என்பதை எதிராளி வாயால்தான் அறிய முடியும். அந்த வாய் ஏன் திறப்பதில்லை என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளியை 2009-ல் டன்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் பத்து மொழிகளில் அளந்தார்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகள். ஜப்பானியத்தில் சராசரி இடைவெளி 7 மில்லி விநாடி, டேனிஷில் 469. மற்றவை இடையில், மொத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லி விநாடி. கண் சிமிட்டும் நேரத்தை ஒட்டியது. (பத்தில் ஓர் இந்திய மொழிகூட இல்லை.)

இனி இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால், வாயிலிருந்து சொல் புறப்பட சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. பொருளை அடையாளம் காண ஏறத்தாழ 200, அதற்கான சொல்லைத் தேடிப் பிடிக்க இன்னொரு 75, மிச்சமெல்லாம் ஒலிகளைக் கோத்து, அசை பிரித்து, நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை அனுப்ப. ஒற்றைச் சொல்லுக்கே 600. முழு வாக்கியத்துக்கு இன்னும் கூடும். பிறகு 200-ல் எப்படிப் பதில் வருகிறது?

காத்திருப்பதில்லை என்பதுதான் விடை. எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. 2015-ல் சாரா போகெல்ஸ் குழுவினர் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்து இதைப் பிடித்தார்கள். விடைக்கான துப்பு சில கேள்விகளில் நடுவிலேயே கிடைக்கும், சிலவற்றில் கடைசியில்தான் கிடைக்கும். "செந்நிறக் கோள் என்று பெயரெடுத்த, சூரியனிலிருந்து நான்காவதாக இருக்கும் கோள் எது?" என்பது முதல் வகை, "சூரியனைச் சுற்றிவரும் கோள்களில் செந்நிறமானது எது?" என்பது இரண்டாம் வகை. எங்கே துப்பு கிடைத்தாலும் அதிலிருந்து அரை விநாடிக்குள் பதில் தயாரிப்பின் அடையாளம் மூளையில் தெரிந்தது. காது ஒரு பக்கம் கேட்க, வாய் மறுபக்கம் பதிலோடு தயாராக நின்றுகொண்டு, குரல் இறங்கும் கணத்துக்காகக் காத்திருக்கிறது.

இதிலிருந்து கிடைப்பதை யோசித்துப் பாருங்கள். 200 மில்லி விநாடியில் வரும் பதில், கேள்வி முடிவதற்கு முன்பே சமைத்து வைத்த பதில். "சந்தேகம் இருக்கா?" என்பதற்கு எல்லோரிடமும் ஆறிப்போன ஒரு பதில் எப்போதும் கைவசம் உண்டு: "இல்ல சார்." உண்மையான சந்தேகத்தைச் சொல்ல வேண்டுமானால் கேட்டதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, இடறும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை மரியாதையாகச் சொல்ல வாக்கியம் தேட வேண்டும். அதற்குப் பல விநாடிகள் ஆகும்.

அந்த விநாடிகள் சும்மா கழிவதில்லை என்பதுதான் சிக்கல். முக்கால் விநாடியைத் தாண்டி வரும் பதில் மறுப்பாகவோ தயக்கமாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம்; நம் காதுக்கு இது பழகிப்போன செய்தி. உரையாடலில் நான்கு விநாடி மௌனம் விழுந்தாலே ஒதுக்கப்பட்டது போன்ற உணர்வு வருகிறது என்று 2011-ல் வந்த ஒரு டச்சு ஆய்வு காட்டியது. யோசித்தால் எதிர்க்கிறான் என்று மேலதிகாரி நினைப்பாரோ என்று ஊழியருக்குப் பயம். பதில் வராவிட்டால் தன் பேச்சு எடுபடவில்லையோ என்று மேலதிகாரிக்குப் பயம். ஒருவர் தலையாட்டுகிறார், மற்றவர் "சரி, அடுத்தது" என்கிறார். இரண்டும் ஒரு விநாடிக்குள்.

இதே நோய் வகுப்பறைகளிலும் உண்டு. கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்களின் நீளம் பல மடங்கானது, "தெரியாது" குறைந்தது, மாணவர்கள் தாங்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அவர் பிரித்துக் காட்டிய இரண்டாவது காத்திருப்பு இன்னும் முக்கியம்: பதில் வந்த பிறகும் மூன்று விநாடி. முதல் வாக்கியம் பாதுகாப்பானது. விஷயம் இரண்டாவதில் வரும். "சரி, நல்லது" என்று உடனே சொன்னால் அந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல் கதவு சாத்தப்படுகிறது.

செய்முறைக்கு வருவோம். மனதுக்குள் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள்; வெறுமனே ஒன்று, இரண்டு, மூன்று என்றால் பதற்றத்தில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். கேள்வியை மாற்றுங்கள்: "இதில் முதலில் எங்கே சிக்கும்?" இதற்குத் தயார் பதில் கிடையாது. கேள்விக்கு வால் ஒட்டாதீர்கள். "எங்கே சிக்கும், பெரிசா ஒண்ணும் சிக்காதுன்னு நினைக்கிறேன்" என்றால் எதிராளி அந்த வாலுக்குத்தான் பதில் சொல்வார். பெரும்பாலோர் தவறுவது இரண்டாவது விநாடியில்: மௌனம் தாங்காமல் கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்பது. அதுவரை பாதி தயாரான பதில்கள் எல்லாம் அந்த நொடியில் கலைகின்றன.

பெரிய முடிவென்றால் மௌனத்தை அறிவித்துவிடலாம்: "ஒரு நிமிஷம், ஆளுக்கொரு சிக்கலை எழுதுங்க." அப்போது மௌனம் எதிர்ப்பல்ல, வேலை. எழுதியதை வாசிக்கும்போது பணியில் இளையவர் முதலில், தலைவர் கடைசியில். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனைகளில், எந்தக் கோடு சம நீளம் என்று கேட்டபோது கூட்டத்தில் மற்றவர்கள் சொல்லிவைத்தாற்போல் தவறாகச் சொல்வார்கள்; அங்கே ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே, சோதிக்கப்படுபவர் தவறான பெரும்பான்மையோடு போவது கால் பங்காகக் குறைந்தது. எழுதி வைத்த காகிதம் அந்த ஒருவரை உருவாக்கித் தரும்.

வீடியோ கூட்டத்தில் எண்ணிக்கையை ஐந்தாக்குங்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடி என்பது சர்வதேசத் தரநிலைப்படி நல்ல இணைப்பு. போக வர 300. இயல்பான இடைவெளியை அது ஏற்கெனவே விழுங்கிவிட்டது. உற்சாகமாகப் பதில் சொல்பவர்கூடத் தயங்குவதுபோலத் தெரிவார். குறை கம்பியில், பழி ஆள்மேல்.

"அறிக்கை அனுப்பியாச்சா?" போன்ற கேள்விக்கு இதையெல்லாம் செய்யாதீர்கள், விசாரணை போலாகிவிடும். காத்திருக்கும்போது ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான். பார்வை உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.