லெகசி அட்மிஷன்: சொல்லும் பொருளும், தமிழில் எப்படிச் சொல்வது

அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் வீடுகளில் 'லெகசி' என்ற சொல் அடிக்கடி அடிபடும். "அந்தப் பையன் லெகசி, அவனுக்குக் கிடைத்துவிடும்" என்பார்கள். அப்பாவோ அம்மாவோ படித்த அதே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அங்கே பெயர் லெகசி, அந்தப் பிள்ளைக்குச் சேர்க்கையில் கிடைக்கும் கூடுதல் மதிப்புக்குப் பெயர் லெகசி பிரிஃபரன்ஸ். ஆளுக்கும் அதே சொல், சலுகைக்கும் அதே சொல். தமிழில் எழுதும்போது குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சொல்லின் வேர் லத்தீன். சட்டத்தைக் குறிக்கும் 'லெக்ஸ்' என்ற சொல்லோடு உறவுடைய 'லெகாரே' என்ற வினைக்கு, ஒருவரைத் தன் சார்பில் அனுப்புவது, உயில் எழுதி வைப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. அப்படி அனுப்பப்பட்ட தூதர் 'லெகாட்டுஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது லெகசி என்பது முதலில் தூதரின் பதவியைத்தான் குறித்தது. உயில் வழியாக வரும் சொத்து என்ற பொருள் அப்புறம் வந்து நிலைத்துவிட்டது. ஒருவர் விட்டுச் சென்ற புகழ், பழைய கணினி மென்பொருள் என்று அது இன்னும் விரிந்தது. கல்லூரிச் சேர்க்கையில் வரும் பொருள் அந்த உயில் பொருளின் நீட்சிதான்: அப்பா விட்டுச் சென்றது பிள்ளைக்கு.

ஆனால் கல்லூரி இடம் அப்பாவின் சொத்து இல்லையே, அதை அவர் எப்படி விட்டுச் செல்ல முடியும்? இந்தப் பழக்கம் எப்போது, எதற்காக வந்தது என்று பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் உறுத்தும். பலரும் இதைக் காலங்காலமாக வரும் மரபு என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வில் தேறியவர்கள் பெரும்பாலும் சேர்ந்துவிடலாம், இடத்துக்குப் பெரிய போட்டி இல்லை. போட்டி இல்லாத இடத்தில் யாருக்குச் சலுகை தேவை? பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அந்தத் தேர்வுகளில் நன்றாகத் தேறி உள்ளே வந்தார்கள். 1922 வாக்கில் ஹார்வர்டில் ஐந்தில் ஒருவர் யூத மாணவர். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவல், அவர்கள் எண்ணிக்கைக்கு வெளிப்படையாகவே உச்சவரம்பு வைக்கலாம் என்றார். ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. அதனால் வேறு வழிகள் வந்தன: மொத்த இடங்களுக்கு வரம்பு, விண்ணப்பத்தில் புகைப்படம், நேர்காணல், 'குணநலன்' என்ற பெயரில் ஒரு மதிப்பீடு. யேல் 1925-இல் இன்னும் தெளிவாக ஒன்று சொன்னது: இடங்களின் வரம்பு, தகுதித் தேவைகளை நிறைவு செய்த யேல் பட்டதாரியின் மகனைத் தடுக்காது. அதாவது ஏற்கெனவே அங்கே படித்தவர்களின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்து, புதிதாக வந்தவர்களுக்கு ஒடுக்கியது. இந்தப் பழக்கம் வேரூன்றிய விதம் இது, இதை மறந்துவிட்டு லெகசிக்குத் தமிழ்ச்சொல் தேடக்கூடாது.

மகன் என்றேன், மகள் இல்லை. யேலும் பிரின்ஸ்டனும் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1969-இல்தான். அம்மா வழியாக அங்கே லெகசி ஆவதற்கு இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, எவ்வளவு பலன்? சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்ட் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, லெகசி விண்ணப்பதாரர்களில் சுமார் 33 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, மற்றவர்களில் சுமார் 6 சதவீதம். இந்த வித்தியாசம் முழுவதும் சலுகையால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் நல்ல பள்ளியிலும் வசதியான வீட்டிலும் வளர்ந்து, அவர்களின் விண்ணப்பமே பலமாக இருக்கும். ஆனால் 2023-இல் பொருளியல் அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, மதிப்பெண்ணைச் சமமாக வைத்தே பார்த்தது. ஒரே அளவு தேர்வு மதிப்பெண் இருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்ட், யேல் போன்ற முன்னணிக் கல்லூரிகளில் சேர்வதற்கு இருமடங்குக்கும் மேல் வாய்ப்பு இருந்தது. அதற்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் லெகசி ஒன்று. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு படி ஏற்றிக் கொடுப்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'மரபுரிமை' என்று எழுதுகிறார்கள். அதில் இரண்டு பாதியுமே தவறு. பழைய மரபும் இல்லை, மேலே பார்த்தோம். உரிமையும் இல்லை, லெகசி பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஹார்வர்டிலேயே இடம் கிடைப்பதில்லை. 'லெகசி கோட்டா', 'லெகசி ஒதுக்கீடு' என்பதும் பொருந்தாது, இத்தனை இடம் இவர்களுக்கு என்று எண்ணி ஒதுக்குவது கிடையாது, விண்ணப்பத்தை எடைபோடும்போது ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்கிறது, அவ்வளவுதான். நம் ஊர் இடஒதுக்கீட்டோடு அதை இணைத்துப் பேசுவது இன்னும் மோசம், காலங்காலமாகக் கதவு அடைக்கப்பட்டவர்களுக்கு இடஒதுக்கீடு, லெகசி அதற்கு நேர் எதிர். 'சிபாரிசு' என்பதும் வேறு. அதற்கு யாராவது சொல்லிவிட வேண்டும். இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை, பெற்றோர் படித்த கல்லூரி எது என்பது விண்ணப்பத்திலேயே இருக்கும்.

'வாரிசு' ஓரளவு நெருங்கி வருகிறது, அரபியிலிருந்து வந்து நம் பேச்சில் கலந்த சொல், வாரிசு அரசியல் என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் வாரிசு என்றால் சொத்தில் பங்கு உண்டு என்ற நினைப்பும் கூடவே வந்துவிடும். என் தேர்வு 'கால்வழி'. சந்ததி, வழித்தோன்றல் என்ற பொருளில் அகராதியில் இருக்கும் சொல். சேர்க்கை முறையைக் 'கால்வழிச் சலுகை' என்றும், ஆளைக் 'கால்வழி விண்ணப்பதாரர்' என்றும் பிரித்து எழுதலாம். முன்னுரிமை என்று எழுதினால் அதற்குள்ளும் ஓர் உரிமை ஒளிந்திருக்கிறது, அதனால்தான் சலுகை என்கிறேன். முதல்முறை எழுதும்போது 'முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கான கால்வழிச் சலுகை' என்று விரித்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: "ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கால்வழிச் சலுகையை 2014-இல் கைவிட்டது." "ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி கால்வழிச் சலுகையைக் கைவிடுவதாக 2021-இல் அறிவித்தது." "கலிஃபோர்னியாவில் தனியார் கல்லூரிகளுக்கும் இதைத் தடைசெய்யும் சட்டம் 2024-இல் கையெழுத்தானது." எம்ஐடி, கால்டெக் இரண்டும் இதைப் பார்ப்பதே இல்லை.

யார் யார் இதில் வருவார்கள் என்பதிலும் தவறான நம்பிக்கைகள் உண்டு. குடியேற்றச் சட்டம் மாறிய 1965-க்குப் பிறகு அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் பலர் இளநிலைப் படிப்பை இந்தியாவில் முடித்துவிட்டு, எம்எஸ், பிஎச்டி என்று மேற்படிப்புக்குத்தான் அமெரிக்கா போனார்கள். ஹார்வர்டின் இளநிலைச் சேர்க்கையில் கணக்கில் வருவது பெற்றோரின் இளநிலைப் படிப்புதான். சில கல்லூரிகள் மேற்படிப்பையும், சில தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. பெரியப்பா, சித்தி, மாமா அங்கே படித்திருக்கிறார்கள் என்பதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள்.