நாக்குத் தள்ள ஓட வேண்டாம்: மெதுவாக ஓடத் தொடங்குபவர்களுக்கு

ஓடத் தொடங்கி மூன்று, நான்கு வாரத்தில் விட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு மனஉறுதி பத்தாது டாக்டர்." எப்படி ஓடினீர்கள் என்று அடுத்துக் கேட்டால்தான் விஷயம் தெரியும். முதல் நாளே உடம்பு கொடுத்த முழு வேகம். இரண்டாவது நிமிடத்தில் இரைப்பு, ஐந்தாவது நிமிடத்தில் விலாவில் குத்தல், மறுநாள் படிக்கட்டு இறங்கவிடாத தொடைவலி. வாரத்துக்கு மூன்று தடவை இப்படி வதைபட யாருக்குத்தான் ஆசை வரும்? மனஉறுதியில் கோளாறு இல்லை. வேகத்தில்தான் கோளாறு.

"நான் ரொம்ப மெதுவாகத்தானே ஓடுகிறேன், இதற்கு மேல் எப்படிக் குறைப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடையிலிருந்து ஓட்டத்துக்கு மனித உடம்பு தானாக மாறும் வேகம் மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டரை நிமிடம். அதற்குக் கீழே ஓடுவதைவிட நடப்பது உடம்புக்குச் சிக்கனம். பழக்கமில்லாத ஒருவருடைய இதயமும் தசைகளும் சிரமமில்லாமல் தாங்குகிற வேகம் பல சமயம் இந்த எல்லைக்கும் கீழேதான் இருக்கும். ஆகவே அவர் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அது அவருக்குக் கடினமான ஓட்டம்தான். "மெதுவாக ஓடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது என்பது இதனால்தான். ஓட்டத்துக்கு நடுவில் நடையைச் செருக வேண்டும். நடப்பதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மொத்தச் சுமையை உங்கள் உடம்பு தாங்கும் அளவுக்கு இறக்குகிற ஏற்பாடு அது.

1996இல் ஜாஷ் கிளார்க் என்பவர் புதியவர்களுக்காக வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது. அதன் முதல் வாரம் இப்படி: 5 நிமிடம் வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. அறுபது விநாடி என்பது பார்க்க அற்பமாகத் தெரியும். எட்டு தடவை வரும்போது மொத்தம் எட்டு நிமிட ஓட்டம் கிடைக்கிறது. முதல் வாரத்துக்கு அது தாராளம்.

இதில் இரண்டு இடங்களில் தப்பு நடக்கிறது. முதலாவது, முடியாமல் போன பிறகு நடப்பது. நடை, களைப்பு வருவதற்கு முன்பே வர வேண்டும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பின்னாளில் ஓட்ட–நடை முறையைப் புதியவர்களுக்குப் பரப்பியபோது அழுத்திச் சொன்னதும் இதையே: தொடக்கத்திலிருந்தே நடை இடைவெளி எடுக்க வேண்டும். முதல் நிமிடம் "இன்னும் ஓடலாமே" என்று தோன்றும்போதே கடிகாரத்தைப் பார்த்து நடையில் இறங்குங்கள். இரண்டாவது தப்பு, ஒன்பது வாரத்தைப் பரீட்சைத் தேதிபோல எண்ணுவது. மூன்றாவது வாரத்தை நான்கு தடவை செய்து, பன்னிரண்டு வாரத்தில் முடிப்பவர் எதையும் இழப்பதில்லை. அடுத்த படிக்குப் போகலாமா என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு: அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில், கடைசிச் சுற்றிலும் பேச்சுச் சோதனையில் தேறினால் போகலாம். இல்லையென்றால் அதே படியில் இன்னொரு வாரம்.

பேச்சுச் சோதனை

எட்டு, பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாடியில் காயும் துணியை எடுத்து மடித்து வைக்கணும்" என்பது போதும். மூச்சு நடுவில் அறுபடாமல் முழு வாக்கியமும் வந்தால் வேகம் சரி. "சாயங்காலம்... வீட்டுக்கு... வந்ததும்" என்று உடைந்தால் அதிகம். பாட முடிகிற அளவுக்கு எளிதாக இருந்தால் சற்றே கூட்டலாம்.

இந்தச் சோதனையை ஓட ஆரம்பித்த உடனே செய்யக் கூடாது. ஓட்டம் தொடங்கியதும் தசைகளின் தேவை உடனே எகிறிவிடும். மூச்சும் இதயமும் அதை எட்டிப் பிடிக்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் எந்த வேகமும் சுலபமாகத்தான் தெரியும். புதியவர்கள் ஏமாறுகிற இடம் இது. முதல் நிமிடச் சுகத்தை நம்பிக் கால் போன வேகத்தில் போய்விட்டு, மூன்றாவது நிமிடத்தில் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு நிமிட ஓட்டங்கள் செய்கிற கட்டத்தில் மூன்றாவது அல்லது நான்காவது சுற்றில் பேசிப் பாருங்கள்.

இதயத்துடிப்பு வாட்ச் வைத்திருப்பவர்கள் எண்ணைவிடப் பேச்சையே நம்பலாம். "220 கழித்தல் வயது" போன்ற சூத்திரங்கள் சராசரியைச் சொல்பவை. ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 20 வரைகூட வேறுபடலாம்.

வேகத்தைக் குறைப்பது காலடியில்தான் நடக்கிறது. எட்டி எட்டி வைக்காமல் அடியின் நீளத்தைச் சுருக்குங்கள். பாதம் உடம்புக்கு முன்னால் போய்க் குத்தாமல், இடுப்புக்கு ஏறத்தாழ நேர்கீழே இறங்கட்டும். முட்டியைத் தூக்க வேண்டியதில்லை. கைகள் தளர்ந்து ஆடட்டும். சரியாக வருகிறதா என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். தரையில் "தொம் தொம்" என்று சத்தம் கேட்டால் அடியின் நீளம் அதிகம். செருப்பைத் தேய்த்து நடப்பது போன்ற சன்னமான சத்தம் வந்தால் சரி. ஒரு நிமிடத்தில் வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது. நிமிடத்துக்கு 150 அடி வைப்பவர் 160 வைத்தால் போதும். எல்லாரும் 180 அடி வைத்தே தீர வேண்டும் என்கிற பேச்சை ஒதுக்கிவிடலாம்.

ஐந்தாவது வாரத்தில் காத்திருக்கும் ஆபத்து

உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தம் தள்ளுகிறது. அடுத்த சில வாரங்களில் தசைக்குள் நுண்ணிரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் மூச்சு சீராகி, "இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம்" என்ற தெம்பு வரும். ஆனால் தசைநாணும் எலும்பும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். எலும்பு புதுச் சுமையைக் கண்டதும் முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கிறது, பிறகே புதியதை நிரப்புகிறது. கரைப்பது சில வாரம், நிரப்புவது சில மாதம். அந்த இடைக்காலத்தில் எலும்பு சற்றே பலவீனமாக இருக்கும். உற்சாகம் உச்சத்தில் இருக்கும் அதே நேரம்!

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ உள்ளவருக்கு 140 முதல் 210 கிலோ எடைக்குச் சமம். மெதுவான ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 1,300 அடிக்கு மேல் ஆகும். திடீரென்று ஒரு நாள் இரண்டு கிலோமீட்டர் கூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் சோதித்தபோது, அந்த விதிப்படி 13 வாரம் பயிற்சி செய்தவர்களுக்கும் வழக்கமான 8 வாரப் பயிற்சி செய்தவர்களுக்கும் காய விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். சதவீதத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட இரண்டு விஷயங்களைக் கவனிப்பது மேல் என்பது எங்கள் கருத்து. ஒரே ஓட்டத்தில் பெரிய தாவல் கூடாது. நேரம், வேகம், மேடு, நாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும்.

வலிகளில் எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கெண்டைக்காலும் தொடையும் இரண்டு பக்கமும் ஒரேபோல இறுகி, இரண்டு மூன்று நாளில் தணிந்தால் அது சாதாரணத் தசைவலி. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பு ஓரமாக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால் ஷின் ஸ்ப்ளின்ட் எனப்படும் எலும்புறை அழற்சியாக இருக்கலாம். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, நடையைக் கூட்டினால் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். ஆனால் ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் சுருக்கென்று குத்தல், இரவில் படுத்தபிறகும் வலி என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நொண்டிக்கொண்டு ஓடுவது எந்த நிலையிலும் கூடாது.

நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றி மயக்கம் வருவது, துடிப்பு தாறுமாறாவது ஆகியவை தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். தாமதிக்காமல் மருத்துவ உதவி தேட வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நிகழ்ந்தவர்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தை அளந்தால் ஆர்வம் வடியும்

வாட்சில் தெரியும் "கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம்" என்பது தினசரி பார்க்க ஏற்ற எண் அல்ல. வெயில் ஏறினால் அது கூடும். தூக்கம் கெட்டால் கூடும். மேடு வந்தாலும், எதிர்க்காற்று வீசினாலும் அப்படியே. கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே ஜிபிஎஸ் தடுமாறி, அந்தந்த நொடி வேகத்தைத் தப்பாகவும் காட்டும். நன்றாக ஓடிய நாளில்கூட ஒருவர் முகம் வாடி வீடு திரும்ப இந்த ஓர் எண் போதும். முதல் மூன்று மாதத்துக்கு அதைத் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள்; நேரம் மட்டும் தெரியட்டும்.

பதிலுக்கு ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: மொத்தம் ஓடிய நிமிடம், பேச முடிந்ததா, மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கியபோது கால் எப்படி இருந்தது. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே பாதையில், நாளின் ஒரே வேளையில், பேச்சுச் சோதனையைத் தாண்டாத வேகத்தில் ஓடி முடிக்க ஆன நேரத்தைக் குறியுங்கள். அதே மூச்சில் நேரம் குறைந்திருந்தால் முன்னேற்றம் உண்மையானது. அவசரப்பட்டு வாரா வாரம் அளந்தால் வானிலையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

பக்கத்தில் ஓடுபவரோடு ஒப்பிடுவதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஹெரிடேஜ் என்ற ஆய்வில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு 20 வாரம் ஒரே மாதிரியான பயிற்சி கொடுத்தார்கள். சிலருடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் வெகுவாக ஏறியது. சிலருக்கு ஏறவே இல்லை எனலாம். இந்த வித்தியாசத்தில் கணிசமான பங்கு பரம்பரையால் வருவது. உங்கள் நண்பர் மூன்று மாதத்தில் உங்களைத் தாண்டிப் போனால், அவர் உங்களைவிட அதிகம் உழைத்தார் என்று அர்த்தமில்லை. ஆனால் மெதுவாக ஓடுபவர்களுக்கும் பயன் உண்டு. அமெரிக்காவில் 55,000க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 15 ஆண்டுகள் கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில், வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடியவர்களிடமும், ஓடாதவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது.

கூட ஓட ஆள் தேடுபவர்கள் தங்களைவிட வேகமானவரைத் தேடுவது வழக்கம். அது வேண்டாம். அவருடைய "மெதுவான" ஓட்டம் உங்களுக்குப் பந்தயம். கூச்சம்தான் தடை என்றால் பார்க்ரன் போன்ற வாராந்தர 5 கிலோமீட்டர் நிகழ்வுகள் உதவும். 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கியது அது. அங்கே எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். கடைசியாக முடிப்பவர் எப்போதும் அவர்தான். நேரம் போனால் போகட்டும் என்று நடந்தே முடிக்கலாம்.

இடைவெளி விழுந்தால்

உடம்பு சரியில்லாமல் போகும், வேலை குவியும், விருந்தாளி வருவார்கள். ஓட்டம் விட்டுப்போவதைத் தவிர்க்க முடியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஆய்வு ஒன்றில் புதுப் பழக்கம் தானியங்கியாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மதிப்பிடப்பட்டது. ஒரு நாள் தவறியது அந்தப் போக்கைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தவறியதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக ஓடுவதுதான் கெடுதல்.

கிளம்ப மனமில்லாத நாளில் ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பத்தாவது நிமிடத்திலும் ஓடத் தோன்றவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நோட்டில் அதையும் எழுதுங்கள், அது கணக்கில் சேரும்.

ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு, மூன்று வாரம் என்றால் இரண்டு படி கீழே இறங்குங்கள். காய்ச்சலுக்குப் பிறகு என்றால், காய்ச்சல் முழுக்க விட்டு, அன்றாட வேலையில் களைப்புத் தெரியாத நிலை வந்த பிறகே தொடங்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போயிருந்தால் மறுபடியும் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. இந்தத் தடவை மூச்சு சீக்கிரம் திரும்பி வரும். எலும்புக்காகவாவது முதல் இரண்டு வாரத்தை முழுதாகச் செய்யுங்கள்.